டாம் பிரம்லியின் சோலோ: வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பக் ஓவன்ஸ் பாடிய ‘டுகெதர் அகெய்ன்’ என்ற பழைய அமெரிக்கப் பாடலை அண்மையில் கேட்டேன். பாடகர் நிறுத்தியதும் நடுவில் ஒரு கருவி, ஒருவர் விம்மலை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் ஒலிக்கிறது. வயலின் என்று எண்ணினேன், கிட்டார் என்கிறார்கள். அது என்ன கருவி? பிரிந்தவர்கள் மீண்டும் சேர்ந்த மகிழ்ச்சியைச் சொல்லும் பாட்டில் அது ஏன் அழ வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அது பெடல் ஸ்டீல் கிட்டார். அதை வாசித்தவர் டாம் பிரம்லி. பக் ஓவன்ஸ் தாமே எழுதிப் பாடிய இந்தப் பாட்டைக் கேப்பிட்டல் நிறுவனம் 1964-இல் ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் வெளியிட்டது. மறுபக்கத்தில் இருந்த துள்ளலான ‘மை ஹார்ட் ஸ்கிப்ஸ் எ பீட்’ என்ற பாட்டும் இதுவும் அந்த ஆண்டில் ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல் வரிசையில் முதலிடத்தை ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொண்டன. பாட்டு முழுவதுமே சுமார் இரண்டரை நிமிடம்தான். அதற்குள் பிரம்லியின் சோலோவுக்கு, அதாவது தனி வாசிப்புக்கு, கிடைத்த இடம் மிகச் சிறியது. ஆயினும், ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் படிக்கும் இடம் அது.

கருவி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்குக்கு போன்ற கலைஞர்கள் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் இரும்புத் துண்டு ஒன்றை இழைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த முறை அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பரவி, 1930-களில் மின்கருவியாகி, நாட்டுப்புறப் பாடல்களில் இடம் பிடித்தது. ஆனால் அந்த முறைக்கு ஒரு தடை இருந்தது. நேரான தண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்தினால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவுதான் ஏறும், ஒரே அளவுதான் இறங்கும். தண்டைச் சாய்த்துப் பிடித்தால் சில கூட்டொலிகள் கிடைக்கும், எல்லாம் கிடைக்காது. ஆகவே, காலால் அழுத்தும் பெடல்களைக் கீழே பொருத்தி, கம்பி முடியும் இடத்தில் உள்ள பொறியை அவற்றால் இழுத்து, வேண்டிய கம்பியின் சுருதியை மட்டும் மாற்றும் ஏற்பாட்டைச் செய்தார்கள். முதலில் அதைச் சுருதி அமைப்பை மாற்றுவதற்கான வசதியாகவே பெரும்பாலோர் கருதினார்கள். வெப் பியர்ஸ் பாடி 1954-இல் பெரும் வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்திக் காட்டினார். ஒரு கம்பி நிற்க, இன்னொரு கம்பி அதனருகே ஊர்ந்து ஏறும் அந்த ஒலியைக் கேட்ட பிறகு, ஸ்டீல் வாசித்துவந்த பலரும் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்தத் தொடங்கினார்கள்.

ஏன் அழுகிறது என்று கேட்டீர்கள். மனிதக் குரல் துயரத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை. இடைவழி முழுவதையும் தொட்டுக்கொண்டு போகிறது. பெடல் ஸ்டீலும் அப்படியே செல்கிறது. அதுவும், துணைக்கு ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்கும்போது செல்கிறது. அந்த நிலைத்த ஸ்வரம் இருப்பதால்தான் மற்றதன் நகர்வு நெஞ்சில் உறைக்கிறது. பாட்டின் சொற்கள் ‘சேர்ந்துவிட்டோம், இனி வேறு எதுவும் பெரிதில்லை’ என்கின்றன. அந்தப் பிரிவு எவ்வளவு நீண்டது என்பதைச் சொற்கள் அவ்வளவாகச் சொல்லவில்லை. பிரம்லி அதைத்தான் வாசிக்கிறார் என்பது என் கருத்து. அவர் தந்தை ஆல்பர்ட் பிரம்லி, ‘ஐ’ல் ஃப்ளை அவே’ உள்ளிட்ட புகழ்பெற்ற கிறித்தவப் பக்திப் பாடல்களை இயற்றியவர். சொல்லுக்கு இடம்விட்டு வாசிக்கும் பண்பு இவருக்கு அந்த வீட்டிலேயே படிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: பல ஆண்டுகளாக ஆறு கம்பிக் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது பத்துக் கம்பிப் பெடல் ஸ்டீல் ஒன்றை வாங்கி, நீங்கள் போற்றும் அதே சோலோவைக் கற்று வருகிறேன். எழுதிய குறிப்பைப் பார்த்து எல்லா ஸ்வரங்களையும் சரியாகவே வாசிக்கிறேன். ஆனாலும் இசைத்தட்டில் உள்ளதுபோல் ஒலிக்கவில்லை. ட்யூனர் வைத்துச் சரிசெய்தும் கூட்டொலிகள் சற்றுக் கசக்கின்றன. எங்கே தவறுகிறேன்?
– வாசகர், டொரொண்டோ

பதில்: குறிப்பில் எழுத முடிந்ததை எல்லாம் நீங்கள் வாசித்துவிட்டீர்கள். இந்த சோலோவின் உயிரோ எழுத முடியாத பகுதியில் இருக்கிறது. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எந்தப் பெடல் என்பதைக் குறிப்பு சொல்லும். அந்தப் பெடலை அழுத்தத் தொடங்கிய கணத்துக்கும் அது அடிவரை சென்ற கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் சென்றது என்பதைச் சொல்லாது. பிரம்லி வாசிக்கும் ஸ்வரங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே, கற்க வேண்டியதும் ஸ்வரங்களுக்கு நடுவில்தான் மிகுதியாக இருக்கிறது.

உங்கள் கருவியின் பத்துக் கம்பிகளும் நாஷ்வில் ஈ9 என்ற சுருதி அமைப்பில் உள்ளன என்று கொள்கிறேன். சோலோவைத் தொடுவதற்கு முன் பெடல்கள் செய்யும் வேலையைக் காதால் தெளிவாக உணர்ந்துகொள்ளுங்கள். தண்டை எட்டாவது ஃப்ரெட்டில் வைத்து நான்கு, ஐந்து, ஆறாம் கம்பிகளை மீட்டினால் சி மேஜர் கார்டு கிடைக்கும். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், நான்காம் கம்பி ஷட்ஜம், ஐந்தாம் கம்பி பஞ்சமம், ஆறாம் கம்பி அந்தர காந்தாரம். இப்போது ஏ பெடலை மட்டும் அழுத்தினால் பஞ்சமம் சதுச்ருதி தைவதமாகும். கூட்டொலி ஏ மைனராக மாறும். பி பெடலை மட்டும் அழுத்தினால் காந்தாரம் சுத்த மத்தியமத்துக்கு ஏறி, தீர்வுக்குக் காத்திருக்கும் ஒலியாக நிற்கும். இரண்டையும் அழுத்தினால் எஃப் மேஜர். இவ்வளவு நடந்தும் தண்டு அசையவில்லை, ஷட்ஜமும் அசையவில்லை. இந்த நான்கு நிலைகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். பிறகு ஒரே மீட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காலால் மட்டும் செல்லுங்கள். இந்தப் பாணியில் நீங்கள் கேட்டு வியந்தவற்றில் பெரும்பகுதி இந்த நான்கு நிலைகளுக்கு இடையே நடப்பதுதான்.

அடுத்து, வேகத்தைக் கவனியுங்கள். பழகாத கால் பெடலை ஒரு பொத்தானைப்போல் அழுத்திவிடுகிறது. ஸ்வரம் சட்டென்று அடுத்த படிக்குத் தாவிவிடுகிறது. பெடலுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு பயணம் உண்டு. அந்தப் பயணத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சுருதி இருக்கிறது. இரண்டு பெடல்களையும் ஒன்றாக அழுத்துவது ஒரு ஒலி. பி-யை முதலில் அழுத்தி, அது அடி தொடும் முன் ஏ-யைத் தொடர்வது வேறு ஒலி. மறுதலையாகச் செய்வது இன்னொன்று. பெரும்பாலான கருவிகளில் இவை இரண்டும் அருகருகே இருப்பதால், இடது பாதத்தை இரண்டின் மேலும் படியவைத்துப் பக்கவாட்டில் சாய்த்தே இதைச் செய்யலாம். முழங்காலை இறுக்கிக்கொண்டு முழுக் காலையும் தூக்கினால் இது வராது. அசைவு கணுக்காலிலிருந்து வர வேண்டும். கழற்றுவதையும் அழுத்துவதைப்போலவே பழகுங்கள். இந்த சோலோவில் பெடல் இறங்கும் இடங்களைப்போலவே அது விடுபடும் இடங்களும் அழகானவை; பெரும்பாலோர் அவற்றில் கவனம் வைப்பதில்லை.

வலது காலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் பாதியில் நின்றுவிடும். அதன் கீழே இருக்கும் வால்யூம் பெடல் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கு மட்டும் உரியதன்று. கம்பியின் ஆயுளை நீட்டுவதற்கும் உரியது. மீட்டும்போது பெடல் பாதிக்கு அருகே இருக்கட்டும். மீட்டிய ஒலி தானாகத் தேயத் தேய, அதே அளவில் பெடலைத் திறந்துகொண்டே போனால், கேட்பவருக்கு ஒலி தேய்வதே தெரியாது. வயலின் என்று மேலே ஒரு வாசகி எண்ணியதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு மீட்டுக்கும் பெடலை ஏற்றி இறக்கிக் காற்றடிப்பதுபோல் இயக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதை விடுவது கடினம். ஆகவே, இந்தப் பாட்டில் நீண்டு நிற்கும் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒரே ஒலியைச் சமமான அளவில் எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். மெலடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடது கையில் உள்ள எஃகுத் தண்டு சுமார் 200 கிராம் எடை உடையது. அந்த எடையே கம்பியை அழுத்தப் போதும். கை வழிகாட்டினால் போதும். ஃப்ரெட் என்று நாம் சொல்வன இங்கே வரைந்த கோடுகளே. கம்பி அவற்றைத் தொடுவதில்லை. உங்கள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு கோட்டின் மேல் இருப்பதுபோல் தோன்றும், சுருதியோ விலகியிருக்கும். கண்ணைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள், இறுதித் தீர்ப்பைக் காதிடம் விடுங்கள். தண்டுக்குப் பின்னால் உள்ள இடது விரல்கள் கம்பிகளின் மேல் மெல்லப் படிந்திருக்கட்டும். இல்லையேல் தண்டுக்குப் பின்புறம் உள்ள கம்பிப் பகுதி ஒலித்துக் குழப்பும். வலது கையில், அடுத்த ஒலிக்கு முன் முந்தைய ஒலியை உள்ளங்கையின் விளிம்பால் அணைக்கும் பழக்கம் வேண்டும். மெதுவான பாட்டில் இது தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடில்லை. மெதுவான பாட்டில்தான் மிஞ்சி நிற்கும் ஒரு கம்பி எல்லோர் காதிலும் விழும்.

கூட்டொலி கசப்பதற்குக் காரணம் ட்யூனர்தான். ட்யூனர் காட்டும் சம இடைவெளிச் சுருதி முறையில் மேஜர் மூன்றாம் ஸ்வரம் 400 சென்ட் உயரத்தில் அமைகிறது (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தூய இயல்புச் சுருதியில் அது ஏறத்தாழ 386. பியானோவில் அந்த 14 சென்ட் வேறுபாட்டைக் காது பொறுத்துக்கொள்கிறது. நீண்டு நிற்கும் பெடல் ஸ்டீல் ஒலியில் அது அலை அலையாக அடித்துக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே, பெடல் ஸ்டீல் கலைஞர்களில் பலர் ஈ9-இல் ஜி ஷார்ப் கம்பிகளையும், ஏ பெடல் எழுப்பும் சி ஷார்ப்பையும் ட்யூனர் சொல்வதைவிடச் சற்றுத் தாழ்த்தியே வைக்கிறார்கள். தம்புராவின் மந்தர ஷட்ஜத்திலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு இருந்தால், அந்த இடத்தை ட்யூனரின் உதவி இல்லாமலே கண்டுகொள்வீர்கள். துணைக்கு ஒலிக்கும் மற்றக் கருவிகள் சம இடைவெளிச் சுருதியில் இருப்பதால், முழுவதும் தாழ்த்தாமல் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவோரும் உண்டு. கூட்டாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கற்கும் வரிசை பற்றி ஒன்று சொல்கிறேன். குறிப்பைச் சில வாரங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சோலோவின் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டு, வாயால் பாடுங்கள். எங்கே இழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதெல்லாம் பாடும்போது உங்கள் உடம்பில் பதிந்துவிடும். பிறகு அந்த வாக்கியத்தைக் கருவியில் தேடுங்கள். சி மேஜரையே எடுத்துக்கொண்டால், அது பெடல் இல்லாமல் எட்டாவது ஃப்ரெட்டிலும், ஏ, பி இரண்டையும் அழுத்தி மூன்றாவது ஃப்ரெட்டிலும், ஏ பெடலோடு ஈ கம்பிகளை எஃப்-க்கு உயர்த்தும் முழங்கால் நெம்புகோலைச் சேர்த்துப் பதினொன்றாவது ஃப்ரெட்டிலும் கிடைக்கும். அதே ஸ்வரங்கள் மூன்று இடங்களில் கிடைத்தாலும், அங்கிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் வழி மூன்றிலும் வேறு. தண்டு இழைத்தும் போகலாம், பெடல் அழுத்தியும் போகலாம். இசைத்தட்டில் கேட்பது எது என்று காதால் பிரித்தறியுங்கள். தண்டு நகர்ந்தால் எல்லாக் கம்பிகளும் ஒன்றாக நகரும். பெடல் அழுத்தினால் குறைந்தது ஒன்றாவது நிற்கும். இந்த ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், யாருடைய குறிப்பும் இல்லாமல் எந்தப் பழைய சோலோவையும் நீங்களே எழுதிக்கொள்ள முடியும்.

கேள்வி: நான் சித்திரவீணை கற்பவள். அதிலும் உருளையை இழைத்துத்தான் வாசிக்கிறோம். இரண்டு கருவிகளும் உறவா? ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது எளிதாகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கைமுறை ஒத்திருக்கிறது; நோக்கம் வேறு. கோட்டுவாத்தியம் என்று முன்பு வழங்கிய சித்திரவீணைக்கு இருபத்தொரு கம்பிகள். ராகம் ஒற்றை ஸ்வரத் தொடராகவே நடக்கிறது, ஜாரு, கம்பிதம் ஆகிய கமகங்கள் முழுக்க இடது கையின் அசைவில் பிறக்கின்றன. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி போன்ற பெரியோர் அந்த அசைவை எவ்வளவு நுட்பமாக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். பெடல் ஸ்டீல் அதே இழைவைக் கூட்டொலிக்குள் நிகழ்த்துவதற்காக உருவானது. அதன் பெருமை ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று கம்பிகளுள் ஒன்று மட்டும் வழி மாறிச் செல்வதில் இருக்கிறது.

சுருதி சுத்தம், உருளையின் எடையை நம்பி விடுதல், ஸ்வரத்தை அடைவதற்கு முன்பே அதைக் காதில் கேட்டுவிடுதல் ஆகிய மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்; மேலை நாட்டு மாணவர்கள் இவற்றுக்காகத்தான் முதலில் நெடுநாள் பாடுபடுகிறார்கள். அதே வேளையில், நீண்டு நிற்கும் ஸ்வரங்களை அசைத்தே வாசித்துப் பழகிய கைக்கு, ஒன்றும் செய்யாமல் நிற்பது கடினமாக இருக்கும். பிரம்லியின் சோலோவில் ஸ்வரம் சென்று சேர்ந்த பின் சிறிது நேரம் அப்படியே நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே கமகம் சேர்த்தால் அழகு கூடாது. கால் செய்த வேலையைக் கை மறைத்துவிடும்.

கேள்வி: பெடல் ஸ்டீல் வாங்க வசதியில்லை. சாதாரண மின்கிட்டாரில் இந்த ஒலியை வரவழைக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: முழுவதும் முடியாது, ஆனால் கற்றுக்கொள்ளத் தக்க அளவுக்கு முடியும். இரண்டு அல்லது மூன்று கம்பிகளை ஒன்றாக மீட்டி, உயர்ந்த ஒலியுடைய கம்பியைச் சிறுவிரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த ஒலியுடையதை மற்ற விரல்களால் வளைத்து ஒரு முழு ஸ்வரம் உயர்த்துங்கள். நிற்கும் ஸ்வரமும் ஏறும் ஸ்வரமும் சேர்ந்து ஒலிப்பதே பெடல் ஸ்டீலின் அடிப்படை என்பதால், இது நெருங்கிய சாயலைத் தரும். மீட்டும்போது கிட்டாரின் வால்யூம் குமிழை வலது கைச் சிறுவிரலால் மூடி வைத்து, மீட்டிய பின் திறந்தால் தொடக்கத்தின் கூர்மை மறைந்துவிடும். வளைக்கும் வேகத்தை முன் சொன்னபடி பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கும் சோலோவைக் காப்பாற்றுவது அதுதான். 1960-களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஒயிட், ஜீன் பார்சன்ஸ் இருவரும் கிட்டாரின் தோள்வாரை இழுத்தால் பி கம்பி ஒரு முழு ஸ்வரம் ஏறும்படி ஒரு பொறியைக் கண்டுபிடித்தார்கள். பெடல் ஸ்டீல் சாயலை விரும்பிய கிட்டார் கலைஞர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: இந்த சோலோ பிடித்தவர்கள் அடுத்து எதைக் கேட்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பட் ஐசக்ஸின் ‘ஸ்லோலி’யை முதலில் கேளுங்கள், பெடலின் ஒலி புதிதாய்ப் பிறந்த வியப்பு அதில் இன்னும் இருக்கிறது. ரே பிரைஸ் பாடிய ‘நைட் லைஃப்’ பாட்டின் தொடக்கத்தில் பட்டி எம்மன்ஸ் வாசிக்கும் பகுதியைத் தனியாக எடுத்துக் கேட்க வேண்டும். ஏ, பி பெடல்களின் வேலையைத் தனித்தனியாகப் பிரித்ததிலும், ஈ9 சுருதியில் மேலே இரண்டு கம்பிகளைச் சேர்த்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு; ஆகவே, இன்று நாம் வாசிக்கும் கருவியே ஓரளவு அவர் தந்தது. பர்ட்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ’வில் லாயிட் கிரீன் வாசித்திருக்கிறார். பிரம்லியைப்போல் இடம்விட்டு நிற்காமல், பாடகரின் வரிகளுக்கு இடையே ஓயாமல் பேசிக்கொண்டு போகிற வாசிப்பு அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பிரம்லி எவற்றையெல்லாம் வாசிக்காமல் விட்டார் என்பது விளங்கும். கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா, ‘டுகெதர் அகெய்ன்’ சோலோவால் ஈர்க்கப்பட்டே பெடல் ஸ்டீலைக் கற்கத் தொடங்கினார் என்பார்கள். 1970-இல் வந்த ‘டீச் யுவர் சில்ட்ரன்’ பாட்டில் அவர் வாசித்ததைக் கேளுங்கள். நெடுநாள் பயின்றவரின் கை அதில் தெரியாது. பெடல் விடுபடும் இடங்களில் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனித்தால், யாரைக் கேட்டுப் படித்தார் என்பது தெரியும்.